எக்கோவா, வடிகுழாயா: மலையிலிருந்து வலது இதயத்தை அளப்பது

குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இலை பறிக்கும் அறுபது வயது அம்மா ஒருவர், வேறோரிடத்தில் எடுத்த எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையுடன் வந்தார். "நுரையீரல் அழுத்தம் 53-ன்னு போட்டிருக்காங்க டாக்டர், மாத்திரை எழுதிக் குடுங்க" என்றார். மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்பதைத் தவிர அவருக்கு வேறு குறை இல்லை.

அந்த 53 (மி.மீ. பாதரசம்) யாரும் நேரடியாக அளந்த எண் அன்று. வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகம், எக்கோவிலேயே வேகத்தை அளக்கும் டாப்ளரில் நொடிக்கு 3.1 மீட்டர், அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அவ்விரு அறைகளின் அழுத்த வேறுபாடு 38. அதோடு வலது மேலறை அழுத்தமென்று 15-ஐக் கூட்டியிருந்தார்கள். நான் மறுபடி பார்த்தபோது, அந்த மேலறை அழுத்தத்தைக் கணிக்க உதவும் கீழ்ப்பெருஞ்சிரை 17 மில்லிமீட்டர்தான் இருந்தது. மூக்கால் வெடுக்கென்று மூச்சை இழுக்கச் சொன்னதும் பாதிக்கு மேல் சுருங்கியது. அப்படியானால் கூட்ட வேண்டியது 3, விடை 41. கசிவு மங்கலாக இருந்தாலோ கோணம் சற்று விலகினாலோ வேகமே குறைத்துக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிரை வழியே மெல்லிய குழாயை வலது இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளக்கும் வடிகுழாய்ப் பரிசோதனையில் இந்த ஊகத்துக்கு இடமில்லை. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20-ஐத் தாண்டுகிறதா, இடது இதயத்தின் பின்னழுத்தத்தைக் காட்டும் ஆப்பழுத்தம் 15-ஐத் தாண்டுகிறதா என்ற இரண்டையும் அதுவே உறுதிசெய்யும். நுரையீரல் உயரழுத்த நோயை முடிவுசெய்வதிலும் காரணத்தைப் பிரிப்பதிலும் எக்கோ அதற்கு ஈடாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தார் அதற்காகக் கோவைக்கு இறங்க வேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை செய்யத் தக்கதும் அன்று.

வலது கீழறை அந்தச் சுமையை எப்படித் தாங்குகிறது என்ற கேள்விக்கு வந்தால் எக்கோவின் கை ஓங்குகிறது. வால்வு வளையம் ஒவ்வொரு துடிப்புக்கும் 17 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கீழிறங்குகிறதா, இடைச்சுவர் தட்டையாகி இடது கீழறை அரைவட்டமாகத் தெரிகிறதா என்பவற்றைப் படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம். தளர்ந்துபோன கீழறையால் அழுத்தத்தை உருவாக்க முடியாததால், நோய் முற்றும்போது அழுத்த எண் குறைவதும் உண்டு. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் தேறிவிட்டாரென்று நினைத்துவிடுவார். கொள்ளளவை அளப்பதில் எம்ஆர்ஐ இன்னும் துல்லியமானது என்றாலும், அன்றாடத் தொடர்கவனிப்புக்கு அது எட்டாது.

நீலகிரியில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பணியர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடிகளிடையே அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோய்) உள்ளது. அந்நோயில் நுரையீரல் தமனி அழுத்தமும் உயரக்கூடும். பிரான்சில் 398 அரிவாள் செல் நோயாளிகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கசிவு வேகம் நொடிக்கு 2.5 மீட்டரை எட்டியவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே நுரையீரல் உயரழுத்தத்தை வடிகுழாய் உறுதிசெய்தது. எக்கோ வேகத்தை வைத்து அரிவாள் செல் நோயாளிகளுக்கு, நுரையீரல் தமனி அழுத்தத்தைக் குறைக்கும் சில்டெனாஃபில் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வோ, வலி நெருக்கடிகள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே எக்கோ யாரைக் கீழே அனுப்புவதென்று சொல்லட்டும். அந்த மாத்திரையைத் தொடங்கும் முடிவை வடிகுழாய்க்கு விட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு வால்வு வளையம் 20 மில்லிமீட்டர் அசைந்தது, இடைச்சுவர் வளைவு மாறவில்லை. இடது மேலறைதான் பெருத்திருந்தது; அழுத்தம் இடது இதயத்திலிருந்து பின்னோக்கி வருவதையே அது சுட்டியது. பல ஆண்டு இரத்தக்கொதிப்பை அவர் சரிவரக் கவனித்திருக்கவில்லை. அதற்கு மருந்தை ஒழுங்குபடுத்தி, கோவைப் பயணத்தைத் தள்ளிவைத்து, மூன்று மாதம் கழித்து மறு எக்கோவுக்கு நாள் குறித்துக் கொடுத்தேன்.