முதல் 5 நாள் எங்கே, அடுத்த 30 நாள் எங்கே? குடி, போதை சிகிச்சைக்கு வடசென்னையில் உள்ள வழிகள்

“எந்த மையத்தில் சேர்ப்பது?” என்று கேட்கும் குடும்பம் ஒரே இடத்தைத் தேடுகிறது. ஆனால் இதில் இரண்டு வேலை இருக்கிறது. போதையை நிறுத்தும்போது உடம்பு படும் பாட்டைக் கடத்திவிடுவது முதல் வேலை. அதற்கு 5 முதல் 10 நாள் ஆகும், அதை மருத்துவமனைதான் செய்ய வேண்டும். மறுபடி தொடாமல் வாழப் பழகுவது இரண்டாவது வேலை, அது மாதக்கணக்கில் நீளும். முதலாவதை மருத்துவர் இல்லாத இடத்தில் செய்தால் உயிர் போகலாம். இரண்டாவதைச் செய்யாமல் விட்டால் வீடு திரும்பிய வாரமே குடி தொடங்கிவிடும்.

என்ன பழக்கம் என்பதைப் பொறுத்துத்தான் இடம்

டாஸ்மாக் பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர், காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் போடுபவர், திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வருவதுதான் மிக ஆபத்தானது: ஆள் அடையாளம் தெரியாது, இல்லாத பூச்சிகளைத் தட்டுவார், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். கார்த்திகையில் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துபவருக்கும், கோயிலில் கயிறு கட்டியவருக்கும் மூன்றாம் நாள் பேய் பிடித்ததாக வீட்டில் நினைப்பது இதைத்தான். காசிமேட்டில் விசைப்படகு ஏறி, சரக்கு தீர்ந்த மறுநாள் நடுக்கடலில் வலிப்பு வந்தால் கரை சேர்வதற்குள் என்னவும் ஆகலாம். முன்பே ஒருமுறை வலிப்போ குழப்பமோ வந்தவரை வீட்டில் வைத்து நிறுத்த முயலவே கூடாது.

வலி மாத்திரையைத் தூளாக்கி ஊசி போடும் பையன்களின் கதை வேறு. டாபென்டடால் போன்றவற்றை நிறுத்தினால் உடம்பு முறிப்பு, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். பார்க்கவே கொடுமையாக இருந்தாலும் நிறுத்துவதால் மட்டும் உயிர் போவது அரிது. ஆபத்து பிறகுதான் இருக்கிறது. சில வாரம் போடாமல் இருந்தாலே உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளோ, குடியைப் போலவே, சட்டென நிறுத்தினால் வலிப்பைக் கொண்டுவரும். அளவை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கஞ்சாவுக்குப் பெரும்பாலும் படுக்கை தேவையில்லை. காதில் குரல் கேட்டால், எல்லோர் மீதும் சந்தேகம் வந்தால் கட்டாயம் தேவை. மெத் (மெத்தம்பெட்டமைன்) நிறுத்தியவருக்கு அந்த முதல் வாரத்தில் தற்கொலை எண்ணம் வரலாம், தனியே விடக்கூடாது.

ஸ்டான்லி

குடிக்கு, முதல் 5 நாளுக்கு, எங்கள் கணக்கில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஈடு வடசென்னையில் இல்லை. மனநலப் பிரிவு, 24 மணி நேர அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை, இரைப்பை-குடல், ஈரல் மருத்துவம் எல்லாம் ஒரே வளாகத்தில். குடிப்பவருக்கு மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, கணைய வீக்கம் எது வேண்டுமானாலும் சேர்ந்து வரும் என்பதால் இது பெரிய விஷயம். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி வரலாம். கட்டணம் கிடையாது.

வார்டில் நடப்பது இது: குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் கொடுத்து, நடுக்கத்தையும் வியர்வையையும் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டி, பிறகு ஒரு வாரத்தில் குறைத்து நிறுத்துவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். கூடவே தயாமின் (வைட்டமின் பி1) ஊசி. இந்த ஊசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தெருமுனை கிளினிக்கில் “களைப்பா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்பது நம் வழக்கம். பல நாள் சோறில்லாமல் குடித்தவருக்குத் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயாமினும் தீர்ந்து மூளை பாதிக்கும். கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடவும் கூடும்.

குறையும் உண்டு. கூட்டம் அதிகம், ஆலோசகர் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. பொதுவாகக் கூடவே இருக்க ஓர் ஆள் வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது ஒரு வாரச் சம்பளம். இன்னொன்று: கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர் குடிப்பதை வீட்டார் மறைத்துவிட, மூன்றாம் நாள் கட்டிலை விட்டுக் குதிக்கிறார். எந்த வார்டில் சேர்ந்தாலும், கடைசியாகக் குடித்த நாளையும் நேரத்தையும் அளவையும் முதல் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள்.

கீழ்ப்பாக்கம்

1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்கு அயனாவரம் பக்கம் என்பதால் தூரமில்லை. அங்கே தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற போதை மீட்பு மையங்களைத் தொடங்கிவைத்தது. குரல் கேட்பது, சந்தேகம், தற்கொலை எண்ணம் ஆகியவை போதையோடு சேர்ந்திருந்தால் இதுவே முதல் தேர்வு. ரத்த வாந்தி, காமாலை, மூச்சுத்திணறல் இருந்தால் முதலில் ஸ்டான்லி. “கீழ்ப்பாக்கத்துல சேத்தா ஊரு என்ன சொல்லும்” என்று தள்ளிப்போடுவதால் கெடுபவை நல்ல மருந்து வேலை செய்திருக்கக்கூடிய மாதங்கள்.

தொண்டு நிறுவன மையங்கள்

இரண்டாவது வேலைக்கு இவைதான் பொருத்தம். 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அடையாறு டி.டி.கே. மருத்துவமனை இதற்கு முன்மாதிரி: மருந்தோடு குழுப் பேச்சு, தனி ஆலோசனை, மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி வகுப்பு. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவதுதான் அரசு வார்டில் கிடைக்காத பலன். திருவொற்றியூர்க்காரருக்கு அது நகரின் மறுகோடி என்பது மட்டுமே சங்கடம். மத்திய சமூக நீதி அமைச்சக நிதியில் நடக்கும் இலவச மையங்களும் உள்ளன. 14446 என்ற தேசிய எண்ணில் அழைத்துப் பக்கத்தில் எது என்று கேட்கலாம்.

தனியார் ‘மறுவாழ்வு இல்லம்’

நல்லவையும் உண்டு, உயிரை வாங்குபவையும் உண்டு. வேன் அனுப்பி நாலு பேர் தூக்கிச் செல்வது, 6 மாதம் யாரையும் பார்க்க விடாதது, அடி: இதற்குப் பெயர் சிகிச்சை அல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சங்கிலியில் கட்டுவது, கட்டாய மொட்டை இரண்டுக்கும் அதில் தடை. விருப்பமில்லாதவரை 89ஆம் பிரிவின்படி சேர்க்க, ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் வைத்திருக்க, 90ஆம் பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் மறு ஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். தானே விரும்பிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைப் பாருங்கள். மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் மாத்திரை கொடுப்பது செவிலியரா பழைய நோயாளியா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பதில் திருப்தியாக இருந்தாலும், தினமும் குடிப்பவரை ஸ்டான்லியில் முதல் வாரம் முடித்துவிட்டே அங்கே அனுப்புங்கள்.

வெளியே வரும் நாள்

எங்கே சேர்ந்திருந்தாலும் மருந்துச் சீட்டைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) என்றால், கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்தே, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு. குழம்பில் கலந்து கொடுத்து அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து சாகலாம். நால்ட்ரெக்சோன் 50 மி.கி. குடி ஆசையைக் குறைக்கும். வலி மாத்திரைக்காரருக்கு 7 முதல் 10 நாள் இடைவெளி இல்லாமல் கொடுத்தால் கடுமையான முறிப்பு (நிறுத்தும்போது உடம்பு படும் பாடு) வரும். அவருக்குப் பெரும்பாலும் முறிப்பையும் ஏக்கத்தையும் அடக்கும் புப்ரெனார்ஃபின் ஏற்றது, அதுவும் முறிப்பு தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. ஊசி பகிர்ந்தவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

மறுபரிசோதனைக்கு மட்டும் தரத்தைவிடத் தூரத்தைப் பாருங்கள். எண்ணூரிலிருந்து அடையாறுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவர் மூன்றாம் தடவை போகமாட்டார். அங்கே ஒரு மாதம் தங்கியிருந்தாலும், டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்கி வந்து ஸ்டான்லி மனநல ஓபியில் சீட்டுப் போட்டுத் தொடர்வது நடக்கிற காரியம். இடையில் மனம் தடுமாறினால் 14416 என்ற மனநல உதவி எண், வலிப்போ குழப்பமோ வந்தால் 108.