விக்ட்ரான் மல்டிபிளஸ்: நான் காசு கொடுத்தது ஒரு சின்ன ரிலேவுக்கு

இன்வெர்ட்டரும் பேட்டரி சார்ஜரும் ஒரே பெட்டியில் இருக்கும் விக்ட்ரான் மல்டிபிளஸ் 12/3000 பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மைக்ரோவேவ் ஓடுமா, சார்ஜிங் எவ்வளவு வேகம் என்றுதான் எழுதுகிறார்கள். மைக்ரோவேவ் ஓடுகிறது. வீட்டுக்காரி விடாமல் தூக்கிவரும் 110 வோல்ட் டேபிள்டாப் கிரைண்டரும் ஓடுகிறது. அதை விடுங்கள், எனக்கு எர்த் பற்றித்தான் பேச வேண்டும்.

நாங்கள் இருப்பது அரிசோனா. எங்களுடையது 30 ஆம்ப் டிராவல் டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்குகிற வீடு, பழையது. குளிர்காலத்தில் குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில், கரண்ட் கம்பமே இல்லாத அரசு நிலத்தில் போய் நிறுத்துவோம். அங்கே பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான் நமக்கு ஈபி. டிரெய்லரோடு ஒரு மலிவு இன்வெர்ட்டர் வந்தது, பெயர் வேண்டாம். அதில், லைனிலும் நியூட்ரலிலும் ஓடும் கரண்டில் வித்தியாசம் வந்தால் தானாகத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் பாயிண்டில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் ஒழுங்காக டிரிப் ஆகும். ஆனால் மூன்று விளக்கு வைத்த டெஸ்டரைச் செருகி, அதிலுள்ள பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது.

முதல் பட்டன், பாயிண்டுக்கு உள்ளேயே ஒரு வித்தியாசத்தை உண்டாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். டெஸ்டரோ நிஜமாகவே லைனிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடுகிறது. கசிந்தது இன்வெர்ட்டரின் நியூட்ரலுக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். அந்தப் பெட்டியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பே கிடையாது. மீட்டர் வைத்தால் லைனுக்கும் எர்த்துக்கும் 60 வோல்ட் போல, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே 60. இந்த மாதிரிப் பெட்டியில் ஒரு ஒயரைப் போட்டு இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், இன்வெர்ட்டரே புகைந்துவிடலாம்.

புகையாத பெட்டி என்றாலும் நிரந்தரமாகச் சேர்ப்பது தப்பு. வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது அந்த இணைப்பு சப்ளை பக்கம் மட்டுமே இருக்க வேண்டும், டிரெய்லருக்குள் இருக்கக் கூடாது. அமெரிக்க மின் விதித் தொகுப்பில் இந்த வண்டிகளுக்கென்றே இருக்கும் 551-ஆம் பிரிவு சொல்வது அதுதான். மீறினால் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த் ஒயரிலும் ஓடும். வீட்டு கராஜில் செருகிய உடனே அங்கிருக்கும் ஜிஎஃப்சிஐ விழுந்துவிடும்.

ஆக, தனியாக ஓடும்போது இணைப்பு வேண்டும், வெளிக் கரண்ட் வந்தால் வேண்டாம். மல்டிபிளஸுக்குள் இருக்கும் எர்த் ரிலே, அதாவது தானாக மாறும் ஒரு சின்ன சுவிட்ச், இதைச் செய்கிறது. வெளிக் கரண்ட் இல்லாதபோது நியூட்ரலை பெட்டியின் உடம்போடு சேர்க்கிறது. வெளிக் கரண்ட் வந்தால், அது உள்ளே வரும் பாதை இணைவதற்கு முன்பே ரிலே திறந்து இந்த இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. மாட்டி முடித்ததும் அதே டெஸ்டரைச் செருகிப் பட்டனை அமுக்கினேன். டப்பென்று விழுந்தது.

ஆனால் உடம்போடு சேர்த்தால் போதுமா? டிரெய்லரில் வெளிப் பிளக்கைப் பிடுங்கினால் எர்த்தும் கூடவே போய்விடும். அதனால் பெட்டியிலிருந்து சேஸிஸுக்குத் தனி கேபிள் போகவேண்டும், மேனுவலிலேயே இருக்கிறது. மாட்ட வந்த கடைக்காரர் 8 கேஜ் பச்சை ஒயரை எடுத்தார். விதிப்படி குறைந்தபட்சம் அதுதான், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி பக்கம் 400 ஆம்ப் ஃபியூஸ் இருக்கிறது. பாசிட்டிவ் கேபிள் உரசி பெட்டியைத் தொட்டால் அவ்வளவு கரண்டும் இந்தப் பச்சை ஒயர் வழியாகத்தான் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும். ஃபியூஸ் போவதற்குள் ஒயர் ஹீட்டர் காயில் மாதிரி பழுத்துவிடும். படகுகளுக்கான ஏபிஒய்சி விதியில், இந்த எர்த் கேபிள் பாசிட்டிவ் கேபிளைவிட ஒரு சைஸுக்கு மேல் சிறியதாக இருக்கக் கூடாது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கேபிள் விலை உறுத்தத்தான் செய்தது. அந்தத் தடிமனுக்குச் சின்ன ஓட்டை உள்ள லக்கும் (கேபிள் முனையில் மாட்டும் வளையம்) சாதாரணக் கடையில் கிடைக்காது, தேடி வாங்க வேண்டும்.

லக்கை முடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வேண்டும். ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிவிட்டு, அப்புறம் மேலே துருத்தடுப்பு பெயிண்ட். சேஸிஸின் இரும்புச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும், வெளித் தகட்டில் அல்ல.

எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவர் மண்ணில் கம்பி அடித்து எர்த் கொடுத்திருந்தார். ஊரில் கரியும் உப்பும் கொட்டிக் குழி போட்டுப் பழகியவன் என்பதால் எனக்கும் அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாலைவனச் சரளையில் எர்த்தின் மின்தடை 25 ஓமுக்கு இறங்குவதே அதிசயம். இறங்கினாலும் 120 வோல்ட்டை 25-ஆல் வகுத்தால் 5 ஆம்ப்கூட வராது. 15 ஆம்ப் பிரேக்கர் அதற்கு அசையாது. திரும்பும் பாதை கேபிள்தான், மண் அல்ல.

குறைகள் என்றால், விலை அதிகம். சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 20 வாட் குடிக்கிறது, ஒரு நாளைக்கு 12 வோல்ட் பேட்டரியில் 40 ஆம்ப் அவர். செட்டிங்ஸ் மாற்ற, கம்ப்யூட்டரோடு இணைக்கும் எம்கே3 கேபிளைத் தனியாக வாங்கவேண்டும். 50 ஆம்ப் டிரெய்லர்காரர்களுக்கு இது ஒன்று போதாது, அந்த டிரெய்லர்களில் வரும் இரண்டு லைனில் ஒன்றுக்குத்தான் கரண்ட் தரும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹோண்டா இயூ2200ஐ போன்ற சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அதை மாட்டிய உடனே மல்டிபிளஸ் தன் ரிலேவைத் திறந்துவிடும், நீங்கள் மறுபடி பழைய மலிவுப் பெட்டியின் நிலைமைக்கே வந்துவிடுவீர்கள். ஜெனரேட்டரின் இன்னொரு பாயிண்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்த பிளக் ஒன்றைச் செருகுவதுதான் வழக்கம். அதை ஜெனரேட்டரிலேயே கட்டி வையுங்கள், வேறு எந்தப் பாயிண்டிலும் செருகக் கூடாது.