மழைக்கு இறுகுற கதவு: கை சீவுளியா, கரண்ட் பிளேனரா?

எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, இஸ்தோப்ப (முன் திண்ணைய) மறைச்சு ஒரு காம்பரா (அறை) கூட்டி எடுத்தோம், அதுக்குப் போட்ட கதவப் பத்தித்தான் இது. இலங்கை மலையகத்துல வட்டவளைப் பக்கம் மழை எப்பிடின்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். கதவு சவுக்குப் பலகை, அதாங்க தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற கிரவீலியா. அஞ்சாறு பலகைய வரிசையா சேத்து பின்னால குறுக்குச் சட்டம் அடிச்ச சாதாரணக் கதவு. மாசி மாசம் மாட்டுனப்ப ஒரு விரலால தள்ளலாம். ஆனி மழை புடிச்சதும் தோள்பட்டையால இடிச்சாத்தான் தொறக்கும்னு ஆயிருச்சு. நான் என்ன பண்ணேன், அப்பத்தான் ஆசைப்பட்டு வாங்குன பிளேனர எடுத்து விர்ருன்னு ஒரு பக்கம் சீவித் தள்ளிட்டேன், அஞ்சு நிமிச வேலை, பெரிய பாஸ் மாதிரி நெனப்பு வேற. அடுத்த தை மாசம் பாத்தா நிலைக்கும் கதவுக்கும் நடுவுல சுண்டுவிரல் போகுது, குளிரு, பூரான் எல்லாம் அந்த வழியாத்தான் உள்ள வருது.

எங்க மாமா மரவேலை பாஸ், அதாவது தச்சர். வந்து பாத்துட்டுக் கேட்டது ஒன்னே ஒன்னுதான்: "ஆனியில ஏன்டா மருமகனே சீவுன?"

விஷயம் என்னன்னா, மரம் காத்துல உள்ள ஈரத்த குடிச்சிக்கிட்டும் விட்டுக்கிட்டும்தான் இருக்கும், எவ்வளவு காஞ்ச மரமா இருந்தாலும் சரி. காத்துல ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள ஈரம் சுமார் 12 சதவீதத்துல நிக்கும், 80 ஆனா 16 வரைக்கும் ஏறும். நீளவாக்குல ஒன்னும் ஆகாது, அகலத்துலதான் ஊதும். ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் அகலத்துல கால் சதவீதம் மாதிரி கூடும்னு வச்சுக்கங்க, மரத்தப் பொறுத்தும் அறுத்த விதத்தப் பொறுத்தும் கொஞ்சம் அப்பிடி இப்பிடி மாறும். 800 மில்லிமீட்டர் அகலக் கதவு, பலகை எல்லாம் நெருக்கி அடிச்சது, 4 சதவீத ஈரம் ஏறுனா 8 மில்லிமீட்டர் ஊதிரும். நான் சீவித் தள்ளுனது அந்த 8 மில்லிமீட்டரத்தான், அது தையில தானா திரும்பிப் போயிருக்கும்.

இதே கணக்க பெனல் கதவுக்கு, அதாவது சுத்திச் சட்டம் வச்சு நடுவுல பலகை பொருத்துன கதவுக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் நிக்கிற சட்டம் 4 இஞ்சி, 4 இஞ்சி, ரெண்டும் சேந்து 200 மில்லிமீட்டர், அதுல ஊதுறது 2 மில்லிமீட்டர்தான். நடுவுல இருக்குற பெனல் காடிக்குள்ள (சட்டத்துல வெட்டுன பள்ளத்துக்குள்ள) சும்மா உக்காந்திருக்கும், பசை போடாம விட்டா அது ஊதுனாலும் காடிக்குள்ளயே ஊதிக்கும். குறுக்குச் சட்டத்துல நார் குறுக்கால ஓடுறதால அது கதவ அகலமாக்காது. ஆக மழைப் பக்கத்துல பலகைக் கதவா பெனல் கதவான்னு கேட்டா எனக்கு யோசிக்கவே தேவையில்ல, பெனல்தான். வேலை கூட, காசு கூட, வெளிக்கதவுக்கு மட்டுமாச்சும் போட்ருங்க. பலகைதான் முடியும்னா பலகைக்குப் பலகை ஒரு நாக்குக் காடி போட்டு கொஞ்சம் இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்க, ஊதுறதுக்கு உள்ளயே எடம் இருக்கும்.

சரி, சீவுளி விஷயத்துக்கு வருவோம். கரண்ட் பிளேனர் பொதுவா 82 மில்லிமீட்டர் அகலம், உருளை நிமிசத்துக்கு 16,000 சுத்து மாதிரி சுத்தும், ஒரு தடவை தள்ளுனா 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் போயிரும். கைமரம், ரீப்பை, மரக்காலைலருந்து வந்த முரட்டுப் பலகை, இதுக்கெல்லாம் அதுதான் சரி, கையால சீவுனா இடுப்பு ஒடிஞ்சிரும். ஆனா கதவு ஓரம் 1 இஞ்சி, மிஞ்சிப்போனா ஒன்னேகால் இஞ்சி தடிப்பு. அதுல 82 மில்லிமீட்டர் அகல மிஷின வச்சா சைடுக்குச் சாயும், பக்கத் தகடு மாட்டாட்டி ஓரம் ஒரு பக்கம் சரிஞ்சு போயிரும். அதோட தொடங்குற எடத்துலயும் முடிக்கிற எடத்துலயும் கை கொஞ்சம் அழுத்துனா போதும், சின்னதா ஒரு குழி விழும், அது பெயின்ட் அடிச்ச பொறகும் தெரியும். பழைய கதவா இருந்தா இன்னும் மோசம், உள்ள ஆணி மறைஞ்சு கெடக்கும், அந்த வேகத்துல ஆணில பட்டா பிளேடு சிதறும்.

கை சீவுளில பட்டா பிளேடு பல்லு போகும், அவ்வளவுதான், கல்லுல தீட்டிக்கலாம். கதவு ஓரத்துக்கு ஸ்டான்லி நம்பர் 5 மாதிரி 14 இஞ்சி நீள சீவுளி நல்லா நேர் போகும், நம்பர் 4 கொஞ்சம் கட்டை, மேடு பள்ளத்தோடவே ஏறி எறங்கும். ஆனா தீட்டத் தெரியணும், அதுதான் இதுல உள்ள தொல்லை. 25 டிகிரில சாணை, 30ல கடைசித் தீட்டு, பிளேடு கைமுடிய வழிக்கிற அளவுக்கு இருந்தாத்தான் சீவல் சுருள் சுருளா வரும். இல்லாட்டி மரத்தப் பிச்சு எடுக்கும், அதுலயும் சவுக்குல மீன் செதில் மாதிரி ஒரு கோலம் இருக்குதே, அந்த எடத்துல கட்டாயம் பிய்க்கும். சட்டத்தோட மேல் முனை, கீழ் முனையில நார் வெட்டுப்பட்டு நிக்கும், அங்க வெளியிலருந்து உள்ள தள்ளிச் சீவணும், உள்ளருந்து வெளிய தள்ளுனா ஓரம் சிலும்பாப் பிரிஞ்சிரும்.

இன்னொன்னு, லயத்துல பத்து வீடு ஒரே சுவரு. பிளேனர் போட்டா ஆறாவது வீட்டுப் புள்ளை முழிச்சு அழுகும். கரண்டுக்கும் கதை இருக்கு, 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டுனாங்களே, அந்தக் காலத்துல என் பிளேனர் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு, மாமாவோட சீவுளி மட்டும் ஓடிச்சு. பக்கத்து வீட்டுலருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டுறவங்க, வயரச் சுருட்டி வைக்காம முழுசா விரிச்சுப் போடுங்க, சுருள்ல சூடேறும். கரண்டு கசிஞ்சா தானா வெட்டுற ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டுல ஈரத் தரையில நின்னு மிஷின் புடிக்கவே வேணாம்.

எதால சீவுறதா இருந்தாலும், மாமா சொல்லிக் குடுத்தது, மொதல்ல சாக்குக்கட்டிய எடு. நிலையோட உள் ஓரத்துல பூசிக் கதவ மூடித் தொற, கதவுல எங்க சாக்கு ஒட்டுதோ அங்கதான் உரசுது. பூட்டுப் பக்கம் மேல் மூலையில மட்டும் ஒட்டுனா அது மழை ஊதல் இல்ல, மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கிருச்சு, சீவுறதுக்கு வேலையே இல்ல. ஸ்க்ரூவக் கழட்டி ஓட்டைல மரக்குச்சிய பசையோட இறுக்கி நீட்டு ஸ்க்ரூ போட்டாச் சரியாயிரும். மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா ஒட்டுனாத்தான் ஊதல். அப்பயும் மழைக்காலத்துல ரெண்டு மூனு சீவல் எடுத்துத் தொறக்கிற அளவுக்கு மட்டும் விட்டுட்டு மிச்சத்த காஞ்ச மாசத்துல பாத்துக்கணும், கொஞ்சம் பொறுமை வேணும், என்கிட்ட அது இல்ல. அந்த மாசம் எது? எங்க பக்கம் தைலருந்து பங்குனி. மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையில ஒரு கூட்டாளி இருக்கான், அவனுக்கு நாங்க நனையிற ஆனி ஆடியில காயுது, ஐப்பசி கார்த்திகைல கதவு புடிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே கலண்டர் சரி வராது.

சீவி முடிச்சதும் நம்ம ஆளுங்க எல்லாரும் விடுற ஒரு எடம் கதவோட அடி ஓரம். தரைக்குப் பக்கம், யாரு குனிஞ்சு பாக்கப் போறான்னு பெயின்ட் அடிக்காம விட்ருவாங்க. சட்டத்தோட வெட்டுமுனை அங்கதான் இருக்கு, நாருக்குள்ள தண்ணி உறிஞ்சு போற வழி அதுதான். கீலக் கழட்டி கதவப் படுக்க வச்சு மேல் ஓரம், அடி ஓரம் ரெண்டுக்கும் ரெண்டு தடவை அடிச்சா பாதிப் பிரச்சினை வராது.

வாள் பத்திச் சுருக்கமா. 7 அடி சட்டத்த நீளவாக்குல கிழிக்கணும்னா சர்குலர் சோதான், கை வாளால கிழிச்சு எனக்கு ஒரு நாள் போயிருச்சு. ஈர மரமா இருந்தா, அதுலயும் டர்பன்டைன் மரம்னா (யூக்கலிப்டஸத்தான் இங்க அப்பிடிச் சொல்றது), வெட்டுன எடம் பின்னால மூடி பிளேட நெருக்கும், மிஷின் நம்ம பக்கம் துள்ளும், வெட்டுக்குள்ள ஒரு ஆப்ப சொருகிக்கிட்டே போகணும். கழுந்து, அதாவது அடுத்த சட்டத்துத் துளைக்குள்ள இறக்குற நாக்கு மாதிரி முனை, அத வெட்டுறதுக்கு மட்டும் கை வாளும் உளியும். கழுந்து இறக்காம சட்டத்த ஸ்க்ரூல புடிச்சா, வெட்டுமுனைக்குள்ள போற ஸ்க்ரூவுக்குப் புடிமானம் கம்மி, ரெண்டு மழைக்கு ஆட ஆரம்பிச்சிரும். மூனாவதா, சின்ன கிரைண்டர்ல பல்லு பிளேடு மாட்டி மரம் அறுக்கிறது எங்க பக்கமும் பழக்கமாயிருச்சு. அத நான் ஒப்பிடவே போறதில்ல. மரத்துக்கான காப்பும் இல்ல, வேகமும் அளவுக்கு மிஞ்சுனது, துள்ளுனா மொகத்துக்குத்தான் வரும்.

பெனல் கதவ மாமாவோட சேந்து போன மாசியில மாட்டுனோம், சுத்தி 3 மில்லிமீட்டர் இடைவெளி, பூட்டுப் பக்க ஓரம் உள்பக்கமா லேசாச் சாச்சுச் சீவுனது. இந்த ஆனியில பூட்டுப் பக்கம் கொஞ்சம் உரசுச்சு, ரெண்டு சுருள் எடுத்தேன், அம்மா அத அடுப்புப் பத்த வைக்கக் கொண்டு போயிட்டாங்க. பழைய பலகைக் கதவு இப்ப கோழிக்கூட்டுல இருக்கு, அங்கயும் மழைக்கு இறுகுது, நான் கை வைக்கல.