ஆண்டிவைரஸ் 'புதிய வெர்ஷன்' என்றால் உடனே அழுத்தாதீர்கள்

ஐந்து வருடமாகக் காசு கட்டி வைத்திருந்த ஆண்டிவைரஸ். திரையின் மூலையில் சின்னதாக ஓர் ஐகான், மற்றபடி இருப்பதே தெரியாது. இரண்டு மாதம் முன்பு "புதிய வெர்ஷன் தயார்" என்று ஒரு பெட்டி வந்தது. தினமும் வரும் வைரஸ் டெஃபினிஷன் அப்டேட்தானே (புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல்) என்று அழுத்திவிட்டேன். மொத்த மென்பொருளையும் மாற்றுகிற அப்டேட் அது.

ரீஸ்டார்ட் ஆனதும் நடுத்திரையில் சிவப்பாக "7 பிரச்சினைகள்". பதறிப்போய்த் திறந்தால் ஒன்றுகூட வைரஸ் இல்லை. விபிஎன் போடவில்லையாம், டிரைவர் பழசாம், குப்பைக் கோப்புகள் சேர்ந்துவிட்டனவாம். எதைத் தொட்டாலும் பணம் கட்டும் பக்கம். ஏற்கெனவே கட்டியவனிடமே! "இப்போது வேண்டாம்" மட்டும் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

சரி, இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வயிற்றெரிச்சல் வேறு. கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்ற நானே எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று இருந்தது. யார் எழுதியது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத, வேறு யாரிடமும் இல்லாத எக்ஸ்இ (இயங்கும் புரோகிராம் கோப்பு) என்பதால் ஆண்டிவைரஸ்களுக்கு அதன்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். அதனால் அது இருந்த ஃபோல்டரை, 'இதைத் தொடாதே' என்று ஆண்டிவைரஸுக்குச் சொல்லும் விலக்குப் பட்டியலில் போட்டு வைத்திருந்தேன். அப்டேட் அந்தப் பட்டியலையே காலி செய்துவிட்டது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் என்ன செய்யட்டும் என்று கேட்கும். புதியதில் அந்த ஆப்ஷனையே எடுத்துவிட்டார்கள். கேட்காமல் என் புரோகிராமைத் தூக்கி குவாரண்டைனில் (சந்தேகக் கோப்புகளை அடைத்து வைக்கும் இடம்) போட்டு, 30 நாள் ஆனதும் அழித்தும்விட்டது. நான் தேடிப் போனது 34ஆம் நாள். மறுபடி உருவாக்கலாம் என்றால், நான் எழுதிய சோர்ஸ் கோடு பழைய லேப்டாப்போடு போயிற்று. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

2010 ஏப்ரலில், இது வேறு நிறுவனம், மெக்காஃபி ஆண்டிவைரஸின் ஒரு அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பி இயங்கவே தேவையான எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பையே வைரஸ் என்று பிடித்துக் கணினிகளை ஓயாமல் ரீஸ்டார்ட் ஆக வைத்தது. விண்டோஸுக்கே அந்தக் கதி, என் புரோகிராம் எம்மாத்திரம்!

என் ஆண்டிவைரஸ் நிறுவனத்தின் சாட்டில் கேட்டால் "தங்கள் பாதுகாப்பை மேம்படுத்தவே இந்த மாற்றம்" என்று மூன்று முறை அதே வரி. பழைய வெர்ஷன் கிடைக்காதாம்.

நீங்கள் அப்டேட் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் செட்டிங்ஸை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றால் விலக்குப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வையுங்கள். இன்ஸ்டால் ஆகும்போது தானாக விழுந்திருக்கும் டிக்குகளை எடுங்கள், இல்லாவிட்டால் கூடவே ஒரு பிரவுசரும் வந்து உட்காரும். முடிந்த கையோடு குவாரண்டைனைத் திறந்து பாருங்கள்.

நான் அந்த ஆண்டிவைரஸையே தூக்கிவிட்டேன். சாதாரண அன்இன்ஸ்டால் போதவில்லை, அவர்களே தருகிற நீக்கும் கருவியையும் ஓட்ட வேண்டியிருந்தது. அப்புறம் விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. கணக்கில் நுழைந்து, சந்தாவைத் தானாகப் புதுப்பிக்கும் ஆட்டோ ரினியூவலைத் தனியாக நிறுத்த வேண்டும். நீக்கிய ஒன்பதாம் நாள் அடுத்த வருடத்துக்கான பணம் கார்டிலிருந்து போய்விட்டது. ரீஃபண்ட் கேட்டிருக்கிறேன். இதுவரை டிக்கெட் எண் மட்டும் வந்திருக்கிறது.