கிருஷ்ணகிரிப் பாறைக்கு எந்த உருமறைப்பு? நான்கு வண்ணத் திட்டங்கள், ஒரு நடக்கும் இயந்திரம்

நிஜப் போர் வண்டிக்கு உருமறைப்பு வண்ணம் அடிப்பவருக்கு ஒரே வேலைதான்: வண்டி எதிரியின் கண்ணில் படக்கூடாது. அறிவியல் புனைவு மாடலுக்கு அடிக்கும் நமக்கு வேலை இரண்டு. இது ஒளிந்து திரியும் இயந்திரம் என்று பார்த்தவுடன் தோன்ற வேண்டும். அதே நேரம் அலமாரியில் வைத்தால் கால் எது, பீரங்கி எது என்று தெரியவும் வேண்டும். ஒன்றைக் கவனித்தால் மற்றது கெடும். இந்த இழுபறியை எந்த வண்ணத் திட்டம் நன்றாகச் சமாளிக்கிறது என்பதே இங்கே என் அளவுகோல்.

மாடல், 1/72 அளவில் (நிஜத்தில் 72 செ.மீ. இருப்பது இதில் 1 செ.மீ.) நான்கு கால்களில் நடக்கும் ஒரு இயந்திரம். அது திரியும் கிரகத்துக்காக வேற்று மண்ணைத் தேடிப் போகவில்லை. ராயக்கோட்டை சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும்: செம்மண், சாம்பல் நிறக் கருங்கல் குன்றுகள், மழைநீர் வழிந்து பாறையில் படிந்த கறுப்புக் கோடுகள், மாசிக்கு அப்புறம் வெளிறிப்போகும் புல்.

முதலில் எல்லோரும் ஆசைப்படும் டிஜிட்டல் கட்டங்கள். எதிர்கால இயந்திரம் என்றாலே சின்னச் சின்னச் சதுரம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. உண்மையில் அது பழைய யோசனை. திமோத்தி ஓ'நீல் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1976-லேயே ஒரு எம்113 கவச வண்டியில் அதைக் கையால் அடித்துப் பார்த்தார். அவர் பயன்படுத்திய பெயின்ட் உருளை சுமார் 5 செ.மீ. அகலம். அதை 1/72-க்குச் சுருக்கினால் ஒரு கட்டம் 0.7 மி.மீ. அந்த அளவுக்கு மாஸ்கிங் டேப் (பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் டேப்) வெட்டுவதற்குள் கண் போய்விடும். சரி, 2 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாம் என்றால், நிஜத்தில் அது 14 செ.மீ. சதுரம், குளியலறை டைல்ஸ் ஒட்டியது போல இருக்கும். வளைந்த கால் மூட்டுகளில் கட்டங்கள் கோணிக்கொள்வது தனிக்கதை. 1/35-ஐ விடச் சின்ன மாடல்களில் இதைத் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது, ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் ஊதும் சின்னத் துப்பாக்கி) புகை போல ஊதும் மென்விளிம்புப் புள்ளிகள். அழகில் குறை சொல்ல முடியாது. சிக்கல் அளவில்தான். பெரிய ஸ்ப்ரே துப்பாக்கியில் அடித்த நிஜ வண்டியில் இரண்டு நிறம் கலங்கும் ஓரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1/72-ல் அது 1.4 மி.மீ.; கன்பிளா (ஜப்பானின் குண்டம் ரோபோக்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்) கிட்களில் சகஜமான 1/144-ல் 0.7 மி.மீ. அதைவிட அகலமாகக் கலங்கினால் மாடல் பொம்மையாகச் சுருங்கித் தெரியும். போதாக்குறைக்கு, சித்திரையில் தருமபுரி வெயிலுக்கு அக்ரிலிக் பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு கலந்து, வெயில் ஏறுமுன் அடித்து முடிக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

மூன்றாவது, வரிக்குதிரைக் கோடுகளாகக் குழப்பும் டாசில் (dazzle) முறை. 1917-ல் பிரிட்டிஷ் கடல் ஓவியர் நார்மன் வில்கின்சன் முன்வைத்தது. கப்பலை மறைப்பது அதன் நோக்கமே இல்லை. பெரிஸ்கோப்பில் பார்க்கும் நீர்மூழ்கிக்காரனுக்குக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடாமல் செய்தால், டார்பிடோ குறி தவறும் என்பது கணக்கு. நம் ஆட்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: அந்த வடிவங்களை லண்டன் ராயல் அகாடமியில் சின்ன மரக் கப்பல்களில் தீட்டி, சுழலும் மேசையில் வைத்து, பெரிஸ்கோப் வழியே பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாடல் வைத்தே பிறந்த உருமறைப்பு! ஆனாலும் பாறைக்காட்டில் நடக்கும் இயந்திரத்துக்கு இது ஒத்துவராது. கால், உடல், பீரங்கி எல்லாம் கோடுகளில் கரைந்து, கஷ்டப்பட்டு ஒட்டிய பாகங்கள் காணாமல் போகும். நீளமான விண்கப்பல் உடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் என் தேர்வு: 1970-களில் அமெரிக்கத் தரைப்படை கொண்டுவந்த, மாடல்காரர்கள் எம்.இ.ஆர்.டி.சி. என்று சொல்லும் நான்கு நிற முறை. இரண்டு பெரிய நிறங்கள் தலா 45 சதவீதம், மற்ற இரண்டு தலா 5 சதவீதம். திட்டுகளின் எல்லைக்கோடு மாறாது. பருவத்துக்கும் நிலத்துக்கும் ஏற்ப ஒன்றிரண்டு நிறங்களை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். கிருஷ்ணகிரிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. செம்மண்ணும் கருங்கல் சாம்பலும் பெரிய திட்டுகள். பாறையின் நீர்க்கோட்டுக் கறுப்பு கிளைவிட்ட கீற்றுகளாக. மிச்சம் காய்ந்த புல் நிறம். ஐப்பசி மழைக்குப் பிறகான இன்னொரு மாடல் வேண்டுமென்றால் புல் நிறத்தைப் பச்சையாக்கி, செம்மண்ணைக் கொஞ்சம் இருட்டாக்கினால் போதும். ஒரே படையின் இரண்டு வண்டிகள் என்று கதையும் கிடைத்துவிடும்.

திட்டு பெரிதாக இருப்பதால் பாகங்களும் தெரிகின்றன. ஒரு திட்டு உடலிலிருந்து தொடைக்கு இறங்கட்டும், அங்கே உருவம் உடையும். மூட்டையும் பீரங்கி முனையையும் ஒற்றை நிறத்தில் விடுங்கள், கண் அங்கே பிடித்துக்கொள்ளும். விளிம்புக்கு ப்ளூ டாக்கை (ஒட்டிப் பிய்க்கக்கூடிய மெழுகுக் களிமண் போன்ற பசை) புழுப் போல உருட்டி ஒட்டி அடித்தால் கலங்கல் மிகக் குறைவு. எல்லா நிறத்திலும் சிறிது வெள்ளையோ மணல் நிறமோ கலந்து வெளிற வையுங்கள். சுத்தக் கறுப்புக்குப் பதில் அடர் சாம்பல். சின்ன அளவில் நிறம் கூடுதல் கருமையாகத் தெரியும் என்பதால்தான் இது.

வெளிச்சத்தில் ஒரு முரண் இருக்கிறது. மானுக்கு வயிறு வெளிறி முதுகு கருத்திருப்பது ஏன் என்று விளக்கியவர் அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர்: மேலிருந்து விழும் வெயிலும் கீழே விழும் நிழலும் அதனால் சமன்பட்டு, உடல் தட்டையாகத் தெரிகிறது. நாமோ மாடலில் நேர்மாறாக மேலே வெளிற வைத்து, கீழே இருட்டாக்கி உருண்டையாகக் காட்டுகிறோம். வயிற்றுப் பகுதிக்கு மட்டும் தேயர் சொன்னபடி ஒரு படி வெளிறிய சாம்பல், மேலே வழக்கமான ஹைலைட் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். குனிந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

1/20 கிட் ஏதாவது கையில் இருந்தால் வரிசை மாறும். அங்கே 10 செ.மீ. கலங்கல் 5 மி.மீ. ஆகிவிடுவதால், ஏர்பிரஷ் மென்விளிம்பை முதலிடத்தில் வைப்பேன்.