சாட்டனூகாவில் ஒரு மாதம்: ஓய்வுக்கு ஊர் தேடுவோர் கவனிக்க

நியூ ஜெர்சியில் வீட்டு வரி கட்டியே அலுத்துப்போய், பணி ஓய்வுக்குப் பின் குடியேற டென்னசி மாநிலம் சரிப்படுமா என்று பார்க்க 2023 அக்டோபரில் அங்குள்ள சாட்டனூகாவில் 55 வயது கடந்தவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்தோம். குடியிருப்புக்கு ஐந்தில் இரண்டுதான் தருவேன். லிஃப்ட் இரண்டு முறை நின்றது, முழங்கால் வலியோடு என் மனைவி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறினார், அலுவலகத்தில் ஒரு மன்னிப்புகூட இல்லை.

ஆனால் ஊர் அருமை. நூறு வயது தாண்டிய வால்நட் தெருப் பாலத்தில் வண்டிகளே கிடையாது, காலையில் மரப்பலகை மேல் நடந்தபோது கீழே டென்னசி ஆறு பனிமூட்டத்துக்குள் மெதுவாக நகர்ந்தது, எதிரே வந்தவர்கள் நின்று நலம் விசாரித்தார்கள்.

பென்ஷனுக்கும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் (அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியம்) மாநில வருமான வரி இல்லை. அதை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம், விற்பனை வரி 9.25%, அரிசி பருப்புக்கும் வரி உண்டு. அப்புறம், வெங்கடேசப் பெருமாளைப் பார்க்க அட்லாண்டா தாண்டி, கோயில் இருக்கும் ரிவர்டேல் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டும், எழுபது வயதில் அது முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

வீடு வாங்கும் முன், கோடை வெயில் ஒத்துவருமா என்று தெரிய, ஒரு ஜூலை மாதமும் தங்கிப் பாருங்கள். நாங்கள் அடுத்த ஜூலையில் போகிறோம், தரைத்தள வீடாகப் பார்த்து.