கன்றுக்கு விட்ட பால் மடியில் தெரிந்தது: எட்டு ஆண்டு அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்துக்கு அருகே தென்னந்தோப்பு ஓரமாக நான்கு ஜெர்சி கலப்பின மாடுகளை வைத்திருக்கிறோம். கிடேரிக் கன்றுக்கு, அதாவது பெண் கன்றுக்கு, முதல் இரண்டு மாதம் தாராளமாகப் பால் விட்டு, மூன்றாம் மாதத்திலிருந்து கொழுக்க விடாமல் வளர்க்கும் முறையை இரண்டு கன்றுகளில் முழுமையாகக் கடைப்பிடித்துப் பார்த்தேன். அதற்கு முன் அப்படியே தலைகீழாகச் செய்து ஒரு கிடேரியைக் கெடுத்ததால், முதலில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 கார்த்திகையில் பிறந்த அந்தக் கன்றுக்கு ஊர் வழக்கப்படி கறந்து முடித்தபின் மடியில் மிஞ்சியதை மட்டுமே ஊட்டவிட்டோம். நாளுக்கு ஒரு லிட்டர் கிடைத்திருந்தால் அதிகம். மூன்றாம் மாதம் விலா எலும்பு தெரிய நின்றதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் மிச்சச் சோறுமாகப் பத்தாம் மாதம் வரை போட்டேன். கன்று பளபளவென்று உருண்டு திரண்டது; வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். பருவத்துக்கும் சீக்கிரமே வந்தது, ஆனால் நான்கு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட பிறகே சினை நின்றது. 2019 ஆவணியில் கன்று ஈன்றபோது மடி பார்வைக்குப் பெரிதாக இருந்தது. கறந்த பிறகும் அதே அளவில் தொங்கியதைக் கண்டபோதுதான் அது பால்மடி அல்ல, சதைமடி என்று புரிந்தது. தாய் 9 லிட்டர் கறந்த இடத்தில் மகள் உச்சத்தில் ஐந்தரை லிட்டரைத் தாண்டவில்லை.

கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகே காரணம் பிடிபட்டது. கன்றின் மடிக்குள் ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. பால் சுரக்கப்போகும் திசு காம்பின் அடியிலிருந்து அதற்குள் கிளைவிட்டுப் பரவ வேண்டும். ஏறத்தாழ மூன்றாம் மாதம் முதல் பருவம் அடையும் வரை இந்தத் திசு உடம்பின் மற்ற பாகங்களைவிட வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் மாவுச்சத்தும் கொழுப்பும் அளவுக்கு மீறினால் மெத்தைதான் தடிக்கிறது; அதோடு கிடேரி முன்கூட்டியே பருவமடைவதால் வேக வளர்ச்சிக்குரிய காலமும் சுருங்கிப்போகிறது. டென்மார்க்கில் இதை 1980களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பால் குடிக்கும் பருவத்திலோ கதை நேர்மாறு: அப்போது புரதமும் எரிசக்தியும் கூடுதலாகக் கிடைத்த கன்றுகளில் சுரப்புத் திசு அதிகமாக வளர்ந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன, பால் மறந்தபின் கொடுக்கும் கூடுதல் தீவனம் அந்தப் பலனைத் தருவதில்லை. ஆக, நான் கொடுக்க வேண்டியபோது கொடுக்காமல், நிறுத்த வேண்டியபோது அள்ளிக் கொட்டியிருக்கிறேன்.

2020 தையில் பிறந்த அடுத்த கன்று 22 கிலோ. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டருக்கு மேல் சீம்பாலும், அன்றைய பொழுதுக்குள் மேலும் ஒன்றரை லிட்டரும் புட்டியில் கொடுத்தேன். இதில் வீட்டில் சிறு சச்சரவு. சீம்பாலில் கருப்பட்டி தட்டிப்போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது அம்மாவின் வழக்கம். மறுநாள் கறவையில்தான் செய்தார், திரட்சி போதவில்லை என்று இன்றும் குறைபடுகிறார்.

பிறகு காம்பு வைத்த வாளியில் நாளுக்கு நான்கு லிட்டர், இரு வேளையாக, கறந்த சூட்டோடு. அளவை இரண்டே நாளில் கூட்டியதால் கழிச்சல் கண்டு மூன்று நாள் அவதிப்பட்டேன். இப்போது பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுகிறேன். இரண்டாம் வாரம் வைத்த கன்றுத் தீவனத்தை அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. குறை தீவனத்தில் இல்லை, தண்ணீரில் இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணறு உப்பு. காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தைக் கன்றுக்கென ஒதுக்கிய மறுநாளே தீவனத் தட்டு காலியாகத் தொடங்கியது. தண்ணீர் குடிக்காத கன்று உலர்தீவனம் தின்னாது என்பது உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது.

அறுபது நாளில் கூடுதலாகப் போன பால் சுமார் 180 லிட்டர். அப்போதைய 32 ரூபாய் விலையில் 5,760 ரூபாய். மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் இது கண்ணை உறுத்தும் தொகைதான்.

மூன்றாம் மாதத்திலிருந்து புண்ணாக்கை அளந்து, அகத்தியும் வேலிமசாலும் சோளத்தட்டையும் தாது உப்புக் கலவையுமாக வளர்த்தேன். மேய்ச்சலில் சீமைக்கருவேல நெற்றைத் தின்று தீர்க்காதபடி பார்த்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அங்குலத்திலேயே எடுத்த உடல் நீளத்தாலும் பெருக்கி 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும். நாளுக்கு அரைக் கிலோ ஏற்றத்தைத் தாண்டாமல் வைத்திருந்தேன். ஐந்தாம் மாதம் காம்பின் அடியில் விரலால் அழுத்தினால் கொட்டைப்பாக்கு போலக் கெட்டியாக ஒன்று நழுவியது. முந்தைய கிடேரியில் அந்த இடம் பிசைந்த மாவாகத்தான் இருந்தது.

2022 தையில் ஈன்று, உச்சத்தில் 9 லிட்டர் கறந்தது; கறந்த பின் மடி துணிப்பை போலச் சுருங்கியது. 2021இல் பிறந்த அதன் தங்கை எட்டரை லிட்டர். காளை விந்து வேறு, மழை வேறு, என் கைப்பழக்கமும் வேறு. எனவே வித்தியாசம் முழுவதையும் பாலின் கணக்கில் எழுத மாட்டேன். கெட்டுப்போன மூத்த கிடேரி இரண்டாம் ஈத்தில் ஆறரை லிட்டருக்கு ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. அதன் கன்றுக்கு இப்போது நாற்பது நாள். வாளியில் நான்கு லிட்டர் போகிறது, நல்ல தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருக்கிறது.